என் கேஸும் உங்க கேஸும் ஒண்ணுதான்

பூட்டுக்காரரிடம் சாவி வெட்டிக்கொண்டு போன யாரும் திரும்பி வந்து சண்டை போட்டதில்லை. தொழில் சுத்தம் ஒரு காரணம் என்றால், வாய்ச் சுத்தம் இன்னொரு காரணம். வெட்டிய சாவியை ஊதித் துடைத்துக் கையில் கொடுக்கும்போது, "போட்டுப் பாருங்க, திரும்பலைன்னா கொண்டு வாங்க, ராவித் தர்றேன்" என்பார். "திறந்துடும்ல?" என்று யாராவது அழுத்திக் கேட்டால், "பூட்டையே நான் பாக்கலை, எப்படிச் சொல்றது?" என்று திருப்பிக் கேட்பார். ஒரு சாவிக்குக்கூட உத்தரவாதம் தராத அந்த மனிதர் ஓர் உயிருக்கு உத்தரவாதம் கொடுத்துவிட்டார். எங்கே போய் முட்டிக்கொள்வது?

பஸ் நிறுத்தத்தை ஒட்டிய கட்டடத்தில், மாடிப்படிக்கு அடியில் அவர் கடை. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். சாவி வெட்டும் இயந்திரம், வெட்டாத சாவிகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும் பலகை, மெத்தை வைத்த ஸ்டூல். அந்த மெத்தைக்கு வயது பதினாறு. அவருக்கு ஆபரேஷன் ஆன வருடம் மனைவி தைத்துக் கொடுத்தது.

அதற்கு முன்னால் வெகுநாளாக ரத்தம் போய்க்கொண்டிருந்தது. மூலம்தான் என்று அவரே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, யாரிடமும் மூச்சு விடாமல் இருந்தார். வெளியே சொல்லக்கூடிய இடமா அது? துணி துவைக்கிறவளுக்குத் தெரியாமல் போகுமா? ஒருநாள் மனைவி கடைக்கே வந்து ஷட்டரை இழுத்து மூடி, ஆளைத் தரதரவென்று டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனாள். புற்றுநோய். ஆனால் ஆரம்பம், எங்கும் பரவவில்லை. அது முளைத்த இடம்தான் வாகாக இல்லை, ஆசனவாய்க்கு ஒட்டினாற்போல. அந்த வழியையே எடுத்துத் தைத்துவிட்டு, வயிற்றின் இடதுபக்கம் ஒரு துளை வைத்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டிவிட்டார்கள். ஆயுசுக்கும் அதுதான். "பின்வாசலை அடைச்சுட்டுப் பக்கத்துச் சுவத்துல வாசல் வெச்சுட்டாங்க" என்று பிற்பாடு அவர் சொல்லிச் சிரிப்பார்.

பிற்பாடுதான். முதல் இரண்டு வருடம் சிரிப்பாவது ஒன்றாவது. வீட்டை விட்டு இறங்கவில்லை. ஒருமுறை மனதைத் தேற்றிக்கொண்டு ஒரு வீட்டுக்குப் பூட்டு மாட்டப் போனார். குனிந்த குனிவில் பையின் ஒட்டு விட்டுவிட்டது. அது தெரியாமல், அந்த வீட்டார் உட்காரச் சொன்ன புது சோபாவில் போய் உட்கார்ந்தும்விட்டார். வீட்டுக்கு வந்து கருவிப் பையை மூலையில் வீசிவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். மனைவி எத்தனையோ பேசிப் பார்த்தாள். கடைசியில் ஒருநாள் அவர் வயிற்றைப் பார்த்து, "நினைச்சப்ப சத்தம் போடுது, விழுந்து விழுந்து கவனிக்க வேண்டியிருக்கு, ஒரு வார்த்தை திட்ட முடியலை, வந்தா போறதும் இல்லை. இது பையில்லீங்க, மாப்பிள்ளை" என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து அதற்கு அதுதான் பெயர்.

வருடங்கள் ஓடின. நோய் திரும்பவில்லை; ஆள் குத்துக்கல்லாக நின்றார். டாக்டரம்மா ஒருநாள் கூப்பிட்டு, "புதுசா வர்றவங்க பையைப் பத்தி ரொம்பப் பயப்படறாங்க. நீங்க ஒருதடவை வந்து முகத்தைக் காட்டுங்க. வைத்தியம் மட்டும் பேசாதீங்க" என்றார். பூட்டுக்காரர் தேய்த்த சட்டையாகப் போட்டுக்கொண்டு போனார். மாப்பிள்ளை கதையைச் சொன்னார். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். ருசி கண்டுவிட்டது.

அதன்பிறகு மாதத்துக்கு ஒன்றிரண்டு முறையாவது போவார். கதையும் கூடவே வளர்ந்தது. கண் காது மூக்கு வைத்தார். வீட்டோடு கிடந்த இரண்டு வருடம் இரண்டு மாதமாகச் சுருங்கியது. சோபா மாயமாக மறைந்தது. மூலையில் வீசிய கருவிப் பையைப் பற்றிப் பேச்சே இல்லை. யாரிடம் பேசினாலும் "என் கேஸும் உங்க கேஸும் ஒண்ணுதான்" என்று முடிப்பது வழக்கமாகிவிட்டது. மனைவி ஒருநாள் கூடப்போய்க் கேட்டுவிட்டு, "நீங்க சொன்ன அந்த ஆளு யாருங்க? எனக்கும் அவரைப் பாக்கணும் போல இருக்கு" என்றாள். அவர் அதைக் கேலியாக எடுத்துக்கொண்டார்.

அப்படித்தான் அதே நோயோடு படுத்திருந்த ஒரு லாரி டிரைவரைப் பார்க்கப் போனார். கட்டிலை நிறைக்கும் ஆகிருதி. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மாப்பிள்ளை கதைக்குத் தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. ஆனால் திரும்பவில்லை. பக்கத்தில் அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்தபடி நின்றிருந்தாள்.

"எனக்கு ஈரலுக்குப் பரவிடுச்சாம். உங்களுக்கு?" என்று சுவரிடம் கேட்டார் டிரைவர்.

இல்லை என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. வாய் முந்திக்கொண்டது.

"எனக்கும் அப்படித்தானே! என் கேஸும் உங்க கேஸும் ஒண்ணுதான். என்னைப் பாருங்க, எப்படி இருக்கேன்!"

டிரைவர் திரும்பினார். எழுந்து உட்கார்ந்தார். பூட்டுக்காரரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பசிக்குதுடி" என்றார் மனைவியிடம். அந்தப் பெண் பூட்டுக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

தலைகால் புரியாமல் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். மனைவி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "உங்களுக்கு எங்கே பரவுச்சு?" என்றாள்.

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

அவர் கழற்றிப் போட்ட தேய்த்த சட்டையை அவள் மடித்து உள்ளே வைத்தாள்.

டிரைவர் அந்த வருடம் முடிவதற்குள் போய்விட்டார். சேதி கேட்டுப் போன பூட்டுக்காரர் வாசலில் செருப்புகளுக்கு நடுவில் நின்றார். உள்ளே டிரைவரின் மனைவி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். "பொண்ணு வர்றேன் வர்றேன்னு துடிச்சா. வெளிநாட்டுல இருந்து வரணும், வேலைய விட்டுட்டு வரணும். இவர்தான் விடலை. பூட்டுக்காரருக்கும் இப்படித்தான் பரவுச்சாம், மனுஷன் குத்துக்கல்லாட்டம் இருக்காரு, நானும் இருப்பேன், லீவைச் சேத்து வெச்சு அடுத்த வருஷம் சாவகாசமா வாடான்னுட்டாரு. இப்ப அவ வந்து சேரும்போது முகம்கூட இருக்காது."

அவள் யாரையும் குறை சொல்லவில்லை. அதுதான் பூட்டுக்காரரைக் கொன்றது. வந்த சுவடு தெரியாமல் திரும்பிவிட்டார்.

அன்றோடு ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. டாக்டரம்மா போன் செய்தால் கடையில் கூட்டம் என்பார். கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். "உங்களுக்கு ஆயுசு கெட்டி" என்று யாராவது சொன்னால் ஊசி ஏறியதுபோல இருக்கும். தெருவில் லாரி ஹாரன் கேட்டால் இயந்திரத்தில் கை நழுவும். வருடாந்திரப் பரிசோதனையில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். திருடிய பொருளை மடியில் வைத்திருப்பவர்போலத் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார்.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா மட்டும் அவர் பொழைச்சிருப்பாரா?" என்று மனைவி ஆற்றாமையோடு கேட்டாள்.

"பொழைச்சிருக்க மாட்டாரு. பொண்ணு வந்திருப்பா."

 

இரண்டு வருடம் கழித்து டாக்டரம்மா போன் செய்தார். அவர் கடையில் கூட்டம் என்று ஆரம்பிக்க, "இந்தத் தடவை நான் கூப்பிடலை, அவங்களே கேக்கறாங்க" என்றார். லாரி டிரைவரின் மகள், வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பியிருந்தாள். அப்பாவுக்கு வந்தால் பிள்ளைகளும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னதால் பரிசோதனை செய்துகொண்டாள். இருக்கிறது. ஆரம்பம்தான். ஆபரேஷன் செய்தால் நல்லபடியாக ஆகிவிடும். ஆனால் அவள் சம்மதம் சொல்ல மறுக்கிறாள். "அப்பாகிட்ட பேசின பூட்டுக்காரரைப் பாத்துட்டுத்தான் சொல்வேங்கறாங்க. தன்னோட விவரமெல்லாம் உங்ககிட்ட சொல்லலாம்னும் சொல்லிட்டாங்க. நாள் தள்ளிக்கிட்டே போக முடியாது" என்றார் டாக்டரம்மா.

 போகாவிட்டால் அவள் எழுந்து வீட்டுக்குப் போய்விடக்கூடும். அப்பாவை வழியனுப்பக்கூட விடாமல் செய்தாயிற்று, இப்போது மகளையுமா? மனைவி பேசாமல் தேய்த்த சட்டையை எடுத்துக் கொடுத்தாள். "வாயை மட்டும் வீட்டுல வெச்சுட்டுப் போங்க" என்றாள்.

வழிநெடுக என்னென்ன சொல்வது என்று பூசி மெழுகி வைத்திருந்தார். தைரியம் கொடுக்கத்தான் சொன்னேன்; நல்லெண்ணத்தில் சொன்னேன்; டாக்டர்களே அப்படித்தான் சொல்வார்கள். அறைக்குள் நுழைந்ததும் அத்தனையும் ஆவியாகிவிட்டது. அவள் அப்பாவை உரித்து வைத்திருந்தாள். அதே தோள், அதே தாடை. தாய் டீ வாங்கப் போயிருந்தாள். மகள்தான் அனுப்பி வைத்திருந்தாள் என்பதே சரி.

"உட்காருங்க. அப்பாகிட்ட என்ன சொன்னீங்க?"

"பொய் சொன்னேம்மா."

அவள் எதிர்பார்க்கவில்லை போலும். புருவம் உயர்ந்தது.

"எனக்குப் பரவலை. ஆரம்பத்துலயே பாத்துட்டாங்க. அவருக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை. ஒண்ணுதான்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

"செவுத்தைப் பாத்துப் படுத்திருந்தாரு. நானும் ஒருகாலத்துல அப்படிக் கிடந்தவன்தான். ஒருதடவை திரும்பிட்டா போதும்னு தோணுச்சு. அவர் திரும்பினதும் எனக்குப் பெருமை தாங்கலைம்மா. அதையும் சொல்லிடறேன். அவருக்காக மட்டும் சொன்ன பொய் இல்லை அது."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அன்னிக்கு அப்பா எனக்கு போன் பண்ணாரு. அந்த மாப்பிள்ளை கதைய மூச்சு வாங்க வாங்கச் சொல்லிச் சிரிச்சாரு. என் வீட்டுக்காரர் பக்கத்துல இருந்தாரு, அவருக்குக் கோவம் வந்துடுச்சு." உதடு ஒருபக்கம் மட்டும் நெளிந்தது. "அப்பா சிரிச்சு நான் கடைசியா கேட்டது அதுதான். அதுக்காக உங்களை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க."

"நினைக்கலைம்மா."

"சரி. என்னோடது எப்படியாம்? டாக்டர் சொல்லிட்டாங்க. நீங்க சொல்லுங்க."

அவளுக்கு முளைத்திருந்ததும் அவருக்கு முளைத்த அதே இடம். அதே ஆரம்பம். எங்கும் பரவவில்லை. அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அத்தனை பேரிடமும் எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருப்பார்! இன்று அது உண்மை. உண்மையாக இருக்கிற ஒரே நாளில் தொண்டையைத் தாண்ட மாட்டேன் என்கிறது.

"என் கேஸும்..." என்று தொடங்கி நிறுத்தினார். மறுபடி முயன்றார். "என் கேஸும் உங்க கேஸும் ஒண்ணுதான். ஆனா என் பேச்சை நம்பாதீங்க. டாக்டரம்மாவை இன்னொரு தடவை கேளுங்க. வேற டாக்டரைக்கூடக் கேளுங்க."

பிறகு, இத்தனை வருடமாக யாருக்கும் சொல்லாததைச் சொன்னார். இரண்டு மாதமல்ல, இரண்டு வருடம் என்றார். சோபாவைச் சொன்னார். பையை மாற்றும்போது மனைவி முகத்தைப் பார்க்கக் கூசி விளக்கை அணைக்கச் சொன்னதைச் சொன்னார். இப்போதும் வெளியே கிளம்பினால் எங்கெங்கே கழிப்பறை இருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் கிளம்புவதைச் சொன்னார். இதில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. அவள் ஒரு சொல் விடாமல் கேட்டாள். கேட்கக் கேட்க, இறுகியிருந்த தோள் கொஞ்சம் இறங்கியது.

"பண்ணிக்கறேன். டாக்டர்கிட்ட சொல்லிடறேன்" என்றாள்.

பூட்டுக்காரருக்கு மூச்சு வந்தது. எழுந்துகொள்ளப் போனார்.

"அம்மாவுக்கும் என் வீட்டுக்காரருக்கும் மட்டும்தான் தெரியும். என் பையன் வேற ஊர்ல ஹாஸ்டல்ல இருக்கான். பரீட்சை நேரம். ஆரம்பம்தானே, நல்லாயிடும்தானே? எல்லாம் முடிஞ்சப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்" என்று அவளாகவே சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். ஒரு தலையாட்டலுக்காகப் பார்க்கும் பார்வை. அது அவருக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. எத்தனை கட்டில்களுக்குப் பக்கத்தில் நின்று அதைப் பார்த்ததும் தலையை ஆட்டியிருக்கிறார்!

"வரச் சொல்லுங்கம்மா."

"ரெண்டும் ஒண்ணுதான்னு இப்பதானே சொன்னீங்க?"

"நல்லாயிடும்னுதான் நானும் நினைக்கிறேன். இருந்தாலும் வரச் சொல்லுங்க. இன்னிக்கே."

"பரீட்சை?"

"அடுத்த தடவை எழுதிக்கலாம்."

அறை அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில், வேளை கெட்ட வேளையில், மாப்பிள்ளை நீளமாக ஒரு சத்தம் போட்டார். பூட்டுக்காரருக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. கையால் வயிற்றைப் பொத்திக்கொண்டார். அவள் திகைத்துப் பார்த்தாள். பிறகு கட்டில் குலுங்கச் சிரித்தாள். தோள் முதலில் குலுங்கி, பிறகு முகத்துக்கு ஏறும் சிரிப்பு. அது எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். சிரித்துக்கொண்டிருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்றுதான் தெரியவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். "அவன் எடுக்கற வரைக்கும் இருங்க" என்றாள்.

அவர் உட்கார்ந்தார். மணி அடித்தது. மறுமுனையில் ஓர் இளம் குரல், "என்னம்மா, இந்த நேரத்துல?" என்றது.

"ஒண்ணுமில்லடா..." என்றவள் பூட்டுக்காரரைப் பார்த்தாள். நிறுத்தினாள்.

"இருக்கு. கிளம்பி வா."