மாதப் பணம் போதும் என்று எழுதிக் கொடுத்த அண்ணன்

அண்ணன் ஆண்டவரிடம் போய் ஓர் ஆண்டு ஆகிறது. பூசைக்கு வந்திருக்கும் உறவினர் எல்லோருக்கும் தோத்திரம்.

என் அண்ணன் நாட்றாம்பாளையத்தில் பிறந்தார். அப்பா இறந்தபின் சாமல்பட்டிக்கு வந்து, ரயில் பாதையில் கேங்மேன் வேலைக்குச் சேர்ந்தார். வெயிலில் தண்டவாளத்தைத் தொட்டால் தோல் உரியும். அந்த வேலையில்தான் இரண்டு மகன்களை வளர்த்தார். தாலி இழந்து வந்த என்னையும் காப்பாற்றினார். அண்ணி முன்னமே போய்விட்டார்.

ஓய்வுக்கு முன் ஆபீசிலிருந்து ஒரு தாள் வந்தது. சேர்ந்த பணத்தை மொத்தமாக வாங்கலாம். இல்லையென்றால் அதில் பெரும்பங்கை விட்டுவிட்டு, உயிர் இருக்கும்வரை மாதாமாதம் பென்ஷன் வாங்கலாம். எழுதிக் கொடுத்தபின் மாற்ற முடியாது.

பெரியவனுக்குப் பாதி வெட்டிய கிணற்றை முடிக்க வேண்டும். "நைனா, மொத்தமா வாங்கிக் குடு. தண்ணி வந்துட்டா உன்ன ராசா மாதிரி ஒக்கார வெச்சு சோறு போடறேன்" என்றான்.

"மேஸ்திரி புள்ளைங்களும் இப்டித்தான்டா சொன்னாங்க" என்றேன்.

அந்த மேஸ்திரி அண்ணனுக்கு முன் ஓய்வு பெற்றவர். பணத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, வாரம் ஒரு வீடாக முறைச்சோறு தின்றார். இந்த வாரம் யார் முறை என்று மருமகள்கள் சண்டை போட்டு முடிக்கும்வரை தெருவிலே நிற்பார்.

"நைனா நூறு வயசு இருப்பாருன்னு நீ சீட்டு எழுதித் தர்றியா அத்த? நாளைக்கே போயிட்டா?"

"போனா போவுது. இருந்தா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். "நீ சொல்லும்மா, எதுக்குக் கையெழுத்து போடறது?"

"மாசப் பணத்துக்குப் போடுண்ணா."

போட்டார். பெரியவன் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான்.

ஓய்வு பெற்ற ஏழாம் மாதம் மார்வலி வந்து அண்ணன் இறந்தார். பென்ஷனும் அதோடு நின்றது. "தங்கச்சி பேச்சக் கேட்டு எல்லாம் போச்சு" என்று சாவு வீட்டில் என் காதுபடச் சொன்னவர்களும் இந்த நினைவு மலரைப் படிப்பீர்கள். சொன்னது நான்தான். கிணறு அப்படியே கிடக்கிறது. பெரியவன் குருபரப்பள்ளி போய்க் கூலி வேலை செய்கிறான், என்னோடு பேசுவதில்லை. அதுவும் என்னால்தான்.

ஆனால் அந்த ஏழு மாதமும் அண்ணன் வெற்றிலைக்குக்கூட யாரிடமும் கை நீட்டவில்லை. அரிசிக்கு மருமகள் கையில் கொடுத்துவிட்டுத்தான் தட்டின்முன் உட்காருவார்.

டாக்டரை அழைத்துவர ஓடிய பக்கத்து வீட்டு பாய்க்கும், கடைசி நேரத்தில் எண்ணெய் பூசி அவஸ்தை கொடுத்த சாமியாருக்கும், தோள் கொடுத்த கேங் ஆட்களுக்கும், முன்னால் நின்று சுமந்த பெரியவனுக்கும் என் நன்றி. பெட்டி செய்த ஆசாரிக்கும் நன்றி. அவருடைய கூலியை, அண்ணன் இடுப்பு பெல்ட்டில் வைத்திருந்த கடைசி மாதப் பணத்திலிருந்தே எடுத்துக் கொடுத்தோம்.