கீழே பார்க்கும் மொட்டுகள்

கோமதி அக்கா காலமான செய்தி வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. "ஓர் ஒளி அணைந்தது" என்று எழுதி, கூடவே ஓர் அகல்விளக்குப் படம். அதைப் பார்த்திருந்தால் அக்காவே கொதித்திருப்பார். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க மாளிகைகளில் கேஸில் எரிந்த சரவிளக்குகளை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவர் அவர். இங்கே கலிஃபோர்னியாவில், சான் ரமோனில் இருக்கும் நம்மவர்களுக்கோ அவர் வெறும் 'லைட் ஆன்ட்டி'. புது வீட்டுக்கு எந்த ஃபேன்சி லைட் வாங்கலாம் என்று கேட்க மட்டும் அவருக்கு ஃபோன் போகும்.

அவர் ஆராய்ந்த விளக்குகளைப் படமெடுத்தவள் நான். முதல் நாள், ஒரு சரவிளக்கின் பித்தளைக் கரத்தில் வார்த்திருந்த கொடியைத் தொட்டுக் காட்டினார்.

"பாரு வித்யா, கொடி மேல ஏறுது, நுனியில மொட்டு. கேஸைப் பத்த வெச்சா அந்த மொட்டு பூத்துடும். நெருப்புதான் பூவு. இதை டிசைன் பண்ணவன் என்ன ரசிகன்டீ!"

பிறகு லிவர்மோர் பக்கத்தில், அருங்காட்சியகமாக்கிய ஒரு பழைய மாளிகைக்குப் போனோம். மின்சாரம் வந்த காலத்தில் யாரோ அந்தக் கூடத்துச் சரவிளக்கின் கரங்களைக் கீழே திருப்பி பல்பு மாட்டியிருந்தார்கள். மொட்டுகளெல்லாம் தரையைப் பார்த்துத் தொங்கின.

"நெருப்பு எங்கயாச்சும் கீழ பார்த்து எரியுமா?" என்று அக்கா அங்கேயே சத்தம் போட்டார். நிர்வாகக் குழுவுக்குப் படங்களோடு விளக்கினார். புன்னகையோடு தலையாட்டினார்கள். வருடா வருடம் கேட்டார். வருடா வருடம் அதே தலையாட்டல்தான். இப்படி இருந்தால்தான் வெளிச்சம் நன்றாக விழுகிறதாம்! கடைசியாக மருத்துவமனையில் பார்த்தபோதும், "அதைத் திருப்பிட்டாங்களா?" என்றுதான் கேட்டார்.

போன வாரம் அதே கூடத்தில் அஞ்சலிக் கூட்டம். கூடத்துக்கு அக்காவின் பெயரை வைக்கப் போகிறார்களாம். மேசைமேல் பளபளவென்று பெயர்ப்பலகை. தலைக்கு மேலே அதே விளக்கு, அதே கோலம். "அவர் சொல்லை நாங்கள் என்றும் மதித்தோம்" என்று குழுத்தலைவர் பேசியபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உயிரோடிருந்தவரின் ஒரு பேச்சைக் கேட்காதவர்களுக்கு அவர் பெயர் எதற்கு?

அக்காவின் மகள் அனு எழுந்து போய் பலகையைக் கையில் எடுத்தாள்.

"ஃபர்ஸ்ட் ஃபிக்ஸ் த லைட்," என்று தலைவரிடம் சொன்னாள். "தென் யூ கேன் ஹேவ் ஹெர் நேம்."

பலகையை என்னிடம் கொடுத்தாள். நான் அதை நேரே என் காருக்குக் கொண்டுபோய்விட்டேன். திருப்பித் தரச் சொல்லித் தலைவர் மெயில் மேல் மெயில் அனுப்புகிறார். இந்த முறை தலையாட்டுவது என் முறை.

போய் வாருங்கள் அக்கா. அந்த மொட்டுகள் மேலே பார்க்கும்வரை, உங்கள் பெயர் என்னிடம்தான் இருக்கும்.