பங்கு அலுவலகத்தின் இரண்டு கணினிகள்

'டோரீன் ரெமிஜியஸ், வயது 57. இல்லத்தரசி. கணினி அறிவு: இல்லை.'

லிங்கராஜபுரத்துக் கத்தோலிக்கப் பங்கின் குடும்பக் கையேட்டில், நூற்றுத் தொண்ணூறாம் பக்கத்தில், இப்படித்தான் அச்சாகியிருக்கிறது. அந்தப் பக்கத்தைக் கணினியில் அமைத்தவரே டோரீன்தான். முன்பக்கம், பின்பக்கம், அட்டை எல்லாமும் அவர் வேலை. சிவாஜிநகரில் ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் பத்தொன்பது வருடம் பக்கம் அமைத்த கை அது. ஆனால் விவரம் சேகரிக்க வந்த, அந்தத் தெருவின் அன்பியக் குழுத் தலைவர் இராஜமாணிக்கம் கதவைத் தட்டியபோது அந்தக் கை மத்தி மீன் கழுவிக்கொண்டிருந்தது. செதிலைப் பார்த்தார், கேள்வியே கேட்காமல் கட்டத்தை நிரப்பிக்கொண்டு போய்விட்டார்.

அதே கையேட்டில், பங்குக் கமிட்டியில் இருக்கும் ஃபிராங்க்ளின் 'கணினி வல்லுநர்'. எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு நிறுவனத்தில் அவன் கவனித்துக்கொள்வது ஊழியர்களை ஏற்றிவரும் வண்டிகளின் நேரத்தை. எந்த வண்டி எந்த முனையில் எத்தனை மணிக்கு நிற்கும் என்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஆனால் காலையில் எலக்ட்ரானிக் சிட்டிக்குக் கிளம்புகிறவன் எவனும் கணினியை அக்குவேறு ஆணிவேறாக அறிந்தவன் என்பது பங்கு மக்களின் விசுவாசப் பிரமாணத்தில் எழுதாமல் விட்டுப்போன ஒரு வரி. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் அவன் அலுவலக அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருவான். அதைப் பார்க்கும்போதெல்லாம் டோரீனுக்கு நாக்கில் கசப்புத் தட்டும்.

கசப்புக்குப் பழைய காரணமும் உண்டு. ஐந்து வருடத்துக்கு முந்தைய கையேட்டை அமைத்தபோது பங்கின் கிழட்டுக் கணினி பாதியில் உறைந்துபோய், படங்கள் இடம் மாறி, சாந்தகுமாரி டீச்சரின் முகம் 'நித்திய இளைப்பாற்றி அடைந்தோர்' பக்கத்தில் அச்சாகிவிட்டது. கணினியை யாரும் திட்டவில்லை, டோரீனைத் திட்டினார்கள். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் டீச்சர் கோவில் வாசலில் அவரை மறித்து, "பாத்துக்கோம்மா, இன்னும் இருக்கேன்" என்று தன்னைக் காட்டிவிட்டுத்தான் போவார். இந்த முறையும் அப்படி ஆனால் அந்த வாசலை மிதிக்கப் போவதில்லை என்று டோரீன் தீர்மானித்திருந்தார்.

அறுநூற்று நாற்பது குடும்பம், அத்தனை பேர் படமும் ஒரே கோப்பில். புதுக் கணினிக்குக் கமிட்டி கூடியது. முதல் தீர்மானம், பங்குத்தந்தைக்கும் ஒரு புதுக் கணினி. "ஃபாதருக்குப் போய் கம்மியா வாங்குறதா?" என்றார் இராஜமாணிக்கம். பூசை நேரத்தைத் தட்டச்சு செய்யவும் கால்பந்து பார்க்கவும் முப்பத்திரண்டு ஜிபி மெமரி என்று முடிவாயிற்று. கையேட்டுக் கணினியின் முறை வந்தபோது சமோசா வந்துவிட்டது.

"பதினாறு போதும்," என்றான் ஃபிராங்க்ளின். "ஆனா மெமரி ஸ்பீடு பாருங்க ஃபாதர், மூவாயிரத்து அறுநூறு. ராக்கெட்! மெமரிக்குள்ளயே லைட்டு வேற எரியும்."

"லைட்டு எதுக்குப்பா? சுரூபமா வைக்கப் போறோம்?" என்றார் டோரீன். "எனக்கு வேகம் கொஞ்சம் கம்மியா இருந்தாப் பரவால்ல. இடம் வேணும். முப்பத்திரண்டு வாங்கு."

"ஆன்ட்டி, நீங்க டைப்பிங் பண்றவங்க. இது டெக்னிக்கல்."

"சும்னே வாய்க்கு வந்தத பேசாத. திருவிழாவுக்கு அறுநூறு பேருக்குப் பிரியாணி. குக்கர் வேகமா விசில் அடிக்கும், வாஸ்தவம்தான். எத்தன வாட்டி வப்பே? அண்டா வேணுமா, வேணாமா?"

பங்குத்தந்தை வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "பிரியாணியப் பத்தி அடுத்த மீட்டிங்ல பேசலாம்மா."

பதினாறுக்கே கை தூக்கினார்கள். எண்ணெய் மினுங்கும் ஒன்பது கைகள். டோரீன் தன் தட்டைத் தள்ளி வைத்தார்.

இரண்டு கணினிகளும் ஒரே கடையிலிருந்து இரட்டைப் பிள்ளைகள் மாதிரி வந்து இறங்கின. மதர்போர்டு முதற்கொண்டு எல்லாம் ஒன்று, வித்தியாசம் மெமரியில் மட்டும். டோரீனின் கணினி நூற்று நாற்பது பக்கம்வரை சமர்த்தாக ஓடியது. அதற்குப் பிறகு மெமரியில் இடமில்லாமல், ஒவ்வொரு படத்தையும் டிஸ்கில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு மறுபடி எடுத்து வரத் தொடங்கியது. அந்த நடையிலேயே அதன் உயிர் போனது. முகங்கள் இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பல் கட்டங்கள். சாந்தகுமாரி டீச்சரும் சாம்பல்.

சரி, அந்த வேகமாவது வந்ததா என்று மெமரியின் கணக்கைத் திறந்து பார்த்தார். இரண்டாயிரத்து அறுநூற்று அறுபத்தாறு என்றது. அந்த மதர்போர்டு அதற்குமேல் ஓடாது. பந்தயக் குதிரையை வாங்கி மாட்டுவண்டியில் பூட்டியிருந்தார்கள். போனில் கேட்டபோது ஃபிராங்க்ளின் அசரவில்லை. "அது தப்பா காட்டுது ஆன்ட்டி. லைட்டு எரியுதில்ல?"

டோரீன் போனைத் துப்பட்டாவில் துடைத்துவிட்டு வைத்தார்.

அன்று புதன்கிழமை. வெள்ளி மாலைக்குள் கோப்பு வராவிட்டால் திருவிழாவுக்குப் புத்தகம் கிடையாது என்று அச்சகம் சொல்லிவிட்டது. "ஃபாதர்கிட்ட சொல்லேன்" என்றார் கணவர் ரெமிஜியஸ், சாப்பிடும்போது.

"சொன்னா கமிட்டி கூடும். கமிட்டி கூடுனா சமோசா வரும். அதே கைங்க மறுபடி தூக்குங்க. த்தூ, நெனச்சாலே சோறு எறங்கல."

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குக் கோப்பு அச்சகம் போய்ச் சேர்ந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம், ஒரு கட்டம்கூடச் சாம்பலில்லை.

திருவிழா மேடையில் ஃபிராங்க்ளினுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அடையாள அட்டைக்கு மேலேயே. "எல்லாம் ஸ்பீடுதான் ஃபாதர்" என்றான் அவன் மைக்கில். பங்குத்தந்தை ஆமோதித்தார். "தம்பி கை வச்ச நேரமோ என்னவோ, இப்ப என் கம்ப்யூட்டர்கூட வேகமாயிடுச்சு. உள்ளேருந்து வெளிச்சம் வேற வருது!" கைதட்டல் அடங்க நேரமாயிற்று. இராஜமாணிக்கம் எழுந்து நின்று தட்டினார்.

கடைசி வரிசையில் சாந்தகுமாரி டீச்சர் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். முதலில் இறந்தோர் பக்கத்தைப் பார்த்தார், பிறகு தன் குடும்பத்தின் பக்கத்தை. திரும்பி டோரீனிடம் சொன்னார்: "ம். உயிரோடதான் வுட்டுருக்கே."

கோப்பு அச்சகம் போவதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு, பங்குத்தந்தை தூங்கப் போன பிறகு, டோரீன் வீட்டிலிருந்து கொண்டுவந்த திருப்புளியால் இரண்டு கணினிகளையும் திறந்தார். பங்குத்தந்தையின் விசைப்பலகையில் கிடந்த சமோசாத் தூளை முகத்தைச் சுளித்துக்கொண்டே தட்டிவிட்டு, அவருடைய முப்பத்திரண்டு ஜிபியைத் தன் கணினியிலும், விளக்கு எரியும் பதினாறைப் பங்குத்தந்தையின் கணினியிலும் மாட்டி மூடினார்.