மெலிவாய்க் காட்டும் கோட்

ஆகஸ்ட் மாதம். வெளியே முப்பது பாகை வெயில். நான் கழுத்தில் கம்பளிச் சால்வையும் தோளில் மண்ணிறப் பொன்ச்சோவுமாய் வேர்த்து வழிந்துகொண்டு நிற்கிறேன். டுசல்டோர்ஃபில் நான் வேலை செய்த பெண்கள் உடுப்புக்கடையில் அன்றைக்கே இலையுதிர்காலம் தொடங்கிவிட்டது. விற்பதை விற்கிறவர்களும் உடுத்தி நிற்க வேண்டும் என்பது செஃபின், அதாவது எங்கள் முதலாளியம்மா, ஃபிராவ் கெர்னரின் சட்டம். ஐஸ்கிறீம் நக்கிக்கொண்டு போகிற சனம் கண்ணாடிக்கு உள்ளே என்னைப் பார்த்துச் சிரிக்கும். பனிக்குளிருக்கு என்று காதைச் சுற்ற ஒரு துவாய் மட்டுமே வைத்திருந்த ஊரில் இருந்து வந்தவள் நான். கோடையில் கம்பளி போட்டால்தான் சம்பளம் என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

அந்தக் கடையை ஐந்து வருடம் கூட்டித் துடைத்தவள் நான். ஒரு காலை, விழுந்து கிடந்த உடுப்புகளை நான் மடித்து வைத்த விதத்தைப் பார்த்துவிட்டு, "விற்பனைக்கு வந்து பார்க்கிறீர்களா?" என்று ஃபிராவ் கெர்னர் கேட்டார். ஆறு மாதம் புரோபெட்சைட். அந்தப் பரீட்சைக் காலம் தாண்டினால் நிரந்தர வேலை. எங்கள் வீட்டுக்காரர் வேலை செய்த தொழிற்சாலையை அந்த வருடம்தான் மூடியிருந்தார்கள். குடியுரிமைக்குப் போட்ட ஆன்ட்ராக், அந்த விண்ணப்பமும், வீட்டில் ஒருவருக்காவது நிரந்தர வேலை இருக்கிறதென்று காட்டும் கடிதத்துக்காக அரசாங்கக் கந்தோரில் காத்துக் கிடந்தது. ஆகவே எங்கள் குடும்பத்தின் பாரம் முழுவதும் அந்தப் பொன்ச்சோவில் தொங்கியது என்று சொன்னால் அது மிகையில்லை.

குளிருக்கு உடுத்துவதை நான் முதலில் படித்தது அகதி விடுதியில். முதல் மாரிக்குளிருக்கு யாரோ கொடுத்த ஆண்பிள்ளை ஜாக்கெட், முழங்கால் வரை. அதற்குள்ளே இரண்டு ஸ்வெட்டர், அதற்குள்ளே ஊரில் இருந்து கொண்டுவந்த சட்டை. நெல்லு மூட்டை மாதிரி உருண்டு திரிந்தோம். குளிராவிட்டால் சரி, வேறு கதையே இல்லை. கடைக்கு வந்த பிறகுதான் இங்கத்தைய பெண்களின் கவலை வேறு என்று விளங்கியது. கோட் தடிப்பாய் இருக்க வேண்டும், அதைப் போட்டவள் தடிப்பாய்த் தெரியக்கூடாது. அதற்குத்தான் இடுப்பை இறுக்க அகலப் பட்டி, கால் நீளமாய்த் தெரியக் குதியுயர்ந்த சப்பாத்து, உடம்பை ஒடுக்கிக் காட்டக் கறுப்பு. நல்ல நாள் பெருநாளுக்கு அம்மா கறுப்பை வீட்டு வாசலுக்கும் எடுக்க விடமாட்டா. நான் கிழமையில் ஆறு நாளும் கறுப்பில் நின்றேன்.

ஒக்ரோபரில் ஃபிராவ் பிராண்ட் வந்தார். அறுபது வயதிருக்கும், தனியாக வாழ்கிறவர். நான் கூட்டுகிற காலத்திலேயே எனக்கு வணக்கம் சொல்லுகிற ஓரிரு பேரில் ஒருவர். போன மாரியில் கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிய வந்து போனதைக் கண்டு, என்ன நோய் வருத்தமோ என்று எனக்குள் கவலைப்பட்டிருந்தேன். இப்போது கன்னம் நிரம்பி, முகம் பளிச்சென்று இருந்தது. சாம்பல் நிறக் கோட் ஒன்றைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். எனக்கு உள்ளபடியே சந்தோஷம். "ஃபிராவ் பிராண்ட், நன்றாக உடம்பு வைத்திருக்கிறீர்கள். எவ்வளவு நல்லாய் இருக்கிறது" என்று எனக்குத் தெரிந்த டொச்சு மொழியில் வாய் நிறையச் சொன்னேன். அவர் கண்ணாடியில் என்னை ஒருதரம் பார்த்தார். கோட்டைக் கழற்றி, மடித்து, என் கையில் தந்துவிட்டு, "டாங்க" என்று ஒரு நன்றி மட்டும் சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் பக்கம் கலியாணம் முடித்த பிள்ளை தாய் வீட்டுக்கு வந்தால் வாசல் படலையிலேயே கண்ணால் அளவெடுத்துவிடுவார்கள். உடம்பு வைத்திருந்தால் மாப்பிள்ளை தங்கம். மெலிந்திருந்தால் அன்றைக்கே உழுத்தம்மாக் களி கிண்டத் தொடங்கிவிடுவார்கள், மாப்பிள்ளையின் தலையும் சேர்ந்து உருளும். வருத்தத்தால் எழும்பியவரிடம் "உடம்பு வைச்சிட்டியள்" என்று சொல்வதைவிட நல்ல வார்த்தை எனக்குத் தெரியாது. இதையெல்லாம் பின்னேரம் ஃபிராவ் கெர்னரின் அறையில் நின்று விளங்கப்படுத்தினேன். அவர் கோபப்படவில்லை. களைத்துப்போன ஆளைப் போலக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அவர் எனக்குத் தொலைபேசியில் அழுதார். உங்கள் ஊரில் அது அன்பாக இருக்கலாம். இந்தக் கடையில் இன்னொரு தரம் நடந்தால் என்னால் உங்களை வைத்திருக்க முடியாது."

டிராமில் வரும்போது, என்னோடு முன்பு துப்புரவு வேலை செய்த மல்லிகா அக்காவிடம் சொன்னேன்.

"நீ என்ன பொய்யே சொன்னனீ?" என்றா அவ.

"இல்லையக்கா. உண்மையைச் சொன்னதாலைதான் வேலை போகப்போகுது."

"அப்ப பொய்யைச் சொல்லு. எல்லாரையும் மெலிவு எண்டு சொல்லு. உனக்கென்ன, வாய் நோகுமே?"

நொந்தது. ஆனாலும் சொன்னேன். கோட் போட்டுப் பார்க்கிற ஒவ்வொருவருக்கும் "ஷ்ளாங்க்", ஒல்லியாகக் காட்டுகிறது என்று சொன்னேன். குச்சி மாதிரி நின்று பல்லுக் கிடுகிடுத்த பெண்பிள்ளைக்கும் சொன்னேன், வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு பிள்ளை என்று சொல்ல வந்த வாயால். நவம்பரில் ஃபிராவ் பிராண்ட் திரும்பி வந்தார். என்னைக் கண்டதும் மற்றப் பக்கம் திரும்பினார். நான் அந்தச் சாம்பல் கோட்டை எடுத்துக்கொண்டு போய், பட்டியை இடுப்பில் கட்டிவிட்டு, "ஷ்ளாங்க்" என்றேன். அவர் பக்கவாட்டில் திரும்பித் தன்னைப் பார்த்தார். முகம் மெல்ல இளகியது. என் கையைப் பிடித்து அமத்திவிட்டுக் கோட்டை வாங்கிக்கொண்டு போனார். எனக்கு வெட்கமாய் இருந்தது.

மாசி மாதம் வேலை நிரந்தரமானது. கடைச் சுவரில் மாட்ட என்று ஃபிராவ் கெர்னர் என்னைப் படம் எடுத்தார். கறுப்புக் கோட், இறுக்கிய பட்டி, உயர்ந்த சப்பாத்து. பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள், எனக்கும் பெருமைதான். ஊரில் சண்டை ஓய்ந்திருந்த சமாதான காலம், தபால் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு பிரதியை மானிப்பாயில் அம்மாவோடு இருக்கிற தங்கச்சிக்கு அனுப்பினேன். மூன்று கிழமை கழித்து அவளே தொலைபேசி எடுத்தாள்.

"அக்கா, உங்கை உங்களுக்கு ஏதும் வருத்தமே?"

"இல்லையடி. ஏன் கேக்கிறாய்?"

"எலும்பும் தோலுமாய் நிக்கிறியள். கறுப்பு வேறை போட்டிருக்கிறியள்."

"அது இஞ்சத்தைய பாஷன். அம்மா என்ன சொன்னவ?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "நான் அம்மாவுக்குக் காட்டேல்லை. கண்டால் சாப்பிடமாட்டா. சீலை உடுத்து வேறை ஒண்டு எடுத்து அனுப்புங்கோ."

ஞாயிற்றுக்கிழமை பெட்டியில் இருந்து மாம்பழ மஞ்சள் பட்டுச்சீலையை எடுத்தேன். இடுப்பில் இரண்டு மடிப்புக் கூட வந்தது. ஆறு மாதமாய்ச் சாப்பாட்டு நேரத்திலும் நின்றுகொண்டு கோட் விற்றவளின் இடுப்பு. சீலைச் சட்டையின் தையலைப் பிரித்து, உள்ளே இரண்டு கம்பளி உட்சட்டை போட்டேன், பாவாடைக்குக் கீழே தடித்த கம்பளிக் காலுறையும். வீட்டுக்காரர் கமராவைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் சிரியும், அப்பதான் கன்னம் தெரியும்" என்றார். கன்னம் நோகும் வரைக்கும் சிரித்தேன்.

பங்குனி முடிவில் அம்மாவே தொலைபேசிக்கு வந்தா. படத்தைச் சட்டம் போட்டு சாமி அறைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாவாம், வருகிற போகிற எல்லோருக்கும் காட்டுகிறாவாம். "இப்பதான் பிள்ளை எனக்கு நிம்மதி. நல்லாய் உடம்பு வைச்சிட்டாய்" என்று சொல்லி விம்மினா. ஓம் அம்மா என்றேன். வேலைக்கு நேரமாகிவிட்டது. தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டே கறுப்புக் கோட்டைப் போட்டு, பட்டியைக் கடைசி ஓட்டையில் கொளுவினேன்.