தங்கையின் பூமுடி

பிள்ளையை வெறுந்தலையோடு முன்னால் உட்கார வைத்து மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவனைக் கண்டால் எனக்கு இன்றும் ரத்தம் கொதிக்கும். நடுரோடு என்றும் பார்க்காமல் கத்திவிடுவேன். "பக்கத்துக் கடைக்குத்தான்லா அக்கா," என்பார்கள். எங்கள் வீட்டிலும் பக்கத்தில்தான் போனார்கள்.

அப்பா கோலா கெத்தில் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். எத்தனையோ உடைந்த மண்டைகளுக்குக் கட்டுப் போட்டவர். எழுபதுகளில் ஹெல்மெட் சட்டம் வந்த புதிதில் போலீஸ்காரர்கள் பெரியவர்களின் தலையைத்தான் பார்த்தார்கள். பிள்ளைகள் அளவில் எங்கள் பக்கத்துக் கடைகளில் ஹெல்மெட்டும் கிடைக்கவில்லை. அப்பா பெரியவர்களுடையதை வாங்கி, உள்ளே ஸ்பாஞ்சு வெட்டித் திணித்து, தங்கைக்கு மாட்டினார். தோட்டமே சிரித்தது. "டிரஸ்ஸர் மக நிலாவுக்குப் போறாளா?" என்றார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

தங்கைக்கு எட்டு வயதில் புது நன்மை. முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அம்மா தன் கையால் செய்த துணிப்பூ முடியை, வெள்ளை முக்காட்டின் மேல் வைத்து ஊசிகளால் இறுக்கினார். அப்பா ஹெல்மெட்டோடு வந்து நின்றார்.

"இன்னிக்கி ஒரு நாளு விடுங்களேன். பூவெல்லாம் நசுங்கிப் போயிடும். சர்ச்சு என்ன அவ்ளோ தூரம் பாலிங்லயா இருக்கு?" என்றார் அம்மா.

தங்கை கண்ணாடியை விட்டு நகரவே இல்லை. அவள் முகத்தைப் பார்த்த அப்பா, ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டார்.

அப்பா அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு முன்னால் போனார். அம்மாவும் நானும் பின்னால் பஸ்ஸில் போனோம். தோட்டத்து வளைவில் பஸ் நின்றது. மாடு குறுக்கே பாய்ந்ததாம். அப்பா ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சிராய்ப்புதான், அவர் தலையில் ஹெல்மெட் இருந்தது. மடியில் தங்கை கிடந்தாள். எல்லோருக்கும் கட்டுப் போட்ட மனிதர் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

அவர் அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா அழவும் இல்லை. அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் அடக்கம் முடிந்து ஃபாதர் அம்மாவிடம் ஆறுதல் சொல்ல வந்தார். நன்மை வாங்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்காதது எங்கள் வீட்டு வழக்கம்.

"காலையில கோப்பி கேட்டா ஃபாதர்," என்றார் அம்மா. "பூசை முடியட்டும்னு சொல்லிட்டேன். எம்புள்ளைய பட்டினியா அனுப்பிட்டேன்."

அப்போதுதான் அழுதார்.