அழகம்மாள் வீட்டு நாய் புத்தகத்தில் ஏறிய கதை

அழகம்மாள் கொடைக்கானல் மலையில் கூக்கால் கிராமத்தில் பிறந்து பக்கத்துப் பூண்டிக்கு வாக்கப்பட்டவள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகும் மலைப்பூண்டு வயலைத் தனியாளாகக் கட்டி மேய்க்கிறாள். காட்டுப்பன்றியோடு மல்லுக்கு நிற்பாள். ஆனால் வீடு தேடி வந்த மனிதரிடம் 'முடியாது' என்று சொல்ல மட்டும் அவளுக்கு நாக்கு எழாது. அந்தக் குணம் அவளைக் கெடுத்திருந்தால்கூடப் பரவாயில்லை, அவள் நாயையல்லவா கெடுத்தது.

நாயின் பெயர் கருவாயன். செவலை உடம்பு, முகம் மட்டும் கரிச்சட்டிக்குள் விட்டு எடுத்தது போல இருக்கும். குட்டியாக இருந்தபோது பாத்திக்குள் புகுந்து பூண்டு முளைகளை மிதித்துத் தொலைத்தான். அழகம்மாள் ஒற்றை விரலைத் தூக்கி "இருலே" என்று வரப்பில் உட்கார வைத்துப் பழக்கினாள். களை வெட்டி முடித்து அவள் வந்து தலையைத் தடவும்வரை, மழையே பெய்தாலும் அசைய மாட்டான். அவனுக்குக் கற்றுக்கொடுத்தது அந்த ஒரு சொல்தான். காலுக்குள்ளேயே திரிகிற நாய்க்கு வேறு சொல் எதற்கு?

கொழுந்தன் மகன் ஜெயமுருகன் ஊரில் இரண்டு அறை கட்டி வெளியூர்க்காரர்களுக்கு விடுகிறான். அங்கே வந்து தங்கினாள் ரோகிணி. சென்னையில் போட்டோ எடுக்கிற பெண். வரப்பில் சாமியார் போல உட்கார்ந்திருந்த கருவாயனைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"அம்மா, இவனை வச்சு ஒரு சிரிப்புப் புத்தகம் போடட்டுமா? ஒண்ணும் செய்ய மாட்டேன். சும்மா உக்காந்திருந்தா போதும்."

"அதுக்கென்ன தாயி, எடுத்துக்கிருங்க" என்றாள் அழகம்மாள். வேறென்ன சொல்லிவிடப் போகிறாள்.

குரங்குக் குல்லாவும் மூக்குக்கண்ணாடியுமாக டீக்கடை பெஞ்சில் கருவாயன். கழுத்தில் மாலையோடு ஊர்க்கூட்டத்தில் கருவாயன். கேரட் மூட்டைமேல் மண்டி முதலாளியாகக் கருவாயன். நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் வாலைக் குழைத்துக்கொண்டு குப்பைக்குத்தான் போகும் என்பார்கள். அவனும் குல்லாவோடு எருக்குழிக்குத்தான் போனான், அதையும் படம் பிடித்தார்கள். மற்ற நேரமெல்லாம் கேமராவுக்குப் பின்னால் அழகம்மாள் விரலைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். எப்போது விடுவாய் என்று அவளையே பார்ப்பான் அவன். அந்தப் பாவப்பட்ட பார்வை படத்தில் பெரிய மனிதத் தோரணையாக விழுந்தது. அழகம்மாளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உண்மையிலேயே சிரிப்பாகத்தான் இருந்தது.

'தலைவர் கருவாயன்' என்று புத்தகம் வந்தது. கொடைக்கானல் ஏரிக்கரையில் ஸ்வெட்டருக்கும் சாக்லேட்டுக்கும் நடுவில் தொங்கியது. கடைசிப் பக்கத்தில் அழகம்மாளின் விரலும், அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் "இருலே!" என்ற சொல்லும்.

பிறகு ஜீப் ஜீப்பாக வந்தார்கள். புத்தகத்தைப் படித்த பிள்ளைகள் விரலைத் தூக்கி "இருலே" என்றார்கள், கருவாயன் உட்கார்ந்தான். சொல்லைத்தான் அவன் படித்திருந்தான், யார் சொல்ல வேண்டும் என்பதைப் படித்திருக்கவில்லை.

"சோலி கெடக்கு அவனுக்கு. இப்படிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா வயலுக்கு யாரு காவல்?" என்று ஜெயமுருகனிடம் முணுமுணுத்தாள்.

"நீங்களே வந்தவுககிட்ட சொல்லுங்க பெரியம்மா."

வந்தவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

பூண்டு முற்றிய சமயம். ஒரு சாயங்காலம் சோலைக்காட்டிலிருந்து காட்டுமாடு ஒன்று வயலுக்கு இறங்கியது. கருவாயன் வழக்கம்போல எட்டி நின்று குரைத்து அதைத் திருப்பிக்கொண்டிருந்தான். பாதையில் ஒரு ஜீப் வந்து நின்றது. மாட்டையும் நாயையும் சேர்த்துப் படமெடுக்கும் ஆசையில் யாரோ "கருவாயா, இருலே" என்றார்கள். பிள்ளைகளும் சேர்ந்து கத்தினார்கள். மாட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஜீப்பைப் பார்த்து, அவன் உட்கார்ந்தான்.

படிப்படியாக இறங்கும் வயலின் கீழ்த்தட்டில் புல்லறுத்துக்கொண்டிருந்த அழகம்மாள் "வாலே, வாலே" என்று அலறினாள். கருவாயன் அவள் பக்கம் தலையைத் திருப்பினான். எழுந்திருக்கவில்லை. அவள் இன்னும் வந்து தலையைத் தடவவில்லையே. மாடு கொம்பால் அள்ளி அவனைக் கீழ்த்தட்டில் எறிந்தது.

வந்தவர்கள் பொல்லாதவர்களாக இருந்திருந்தால் ஒரு பாட்டம் திட்டியாவது தீர்த்திருப்பாள். அவர்கள்தான் அழுதுகொண்டே அவனை மடியில் போட்டுக் கொடைக்கானலுக்கு ஓட்டிப் போனார்கள். உயிர் தங்கியது. இடுப்பெலும்பு கூடும், ஆனால் பின்னங்காலை இனி மடக்க முடியாது என்றார் மருத்துவர். நிற்பான், நொண்டி நடப்பான், ஒருக்களித்துப் படுப்பான். உட்கார முடியாது.

ரோகிணி ஓடி வந்தாள், கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இனி அச்சடிப்பதில்லை என்றாள். வீடு வீடாகப் போய்விட்ட புத்தகத்தை யார் திரும்ப வாங்குவது? ஜீப்புகள் வந்துகொண்டுதான் இருந்தன. பிள்ளைகள் "இருலே" என்பார்கள். அவன் பின்பக்கத்தைத் தாழ்த்துவான், வலியில் முனகி எழும்புவான், மறுபடி தாழ்த்துவான். புது வேடிக்கை என்று நினைத்துச் சிரிப்பார்கள்.

முதன்முறையாக அழகம்மாள் வாயைத் திறந்தாள். "அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதீங்கய்யா."

"எந்த வார்த்தைம்மா?"

கருவாயன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். அந்த வார்த்தையை அவள் எப்படிச் சொல்வாள்?

கடைசியில், மனிதரைக் கண்டாலே ஓடுகிற நாயாக இவனை ஆக்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். அது ஒன்றுதான் அவன் பிழைக்க வழி என்று பட்டது. ஒருநாள் வெள்ளனே, ஊர் எழும்பும் முன்பு, அவனை வயலுக்குக் கூட்டிப்போய் விளக்குமாற்றுக் குச்சியை ஓங்கினாள்.

"போலே. ஆளு வந்தா ஓடிப் போயிரு. என்னையக் கண்டாலும் ஓடு."

குச்சி முதுகில் பட்டது. அவன் ஓடவில்லை. இரண்டு எட்டு பின்வாங்கி, தூக்கிய கையையே பார்த்தான். என்ன தப்பு செய்தோம் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது போலிருந்தது. காலைப் பரப்பி, உடம்பெல்லாம் நடுங்க, மெல்லப் பின்பக்கத்தைத் தாழ்த்தத் தொடங்கினான்.

"வேணாம்லே" என்றாள் அழகம்மாள். குச்சியை எறிந்துவிட்டு ஈர மண்ணில் உட்கார்ந்து அவன் தலையைத் தடவினாள். உட்கார்ந்தவனுக்குத்தானே அந்தத் தடவல்? தடவத் தடவ, அவன் இன்னும் உட்காரத்தான் பார்த்தான்.