காதர் வண்டி நின்ற இடம்

காதர் போய்விட்டான்.

இன்று விடிந்ததும் அவன் பேரன் போன் செய்தான். "தாத்தா தூக்கத்துலயே மவுத்தாயிட்டாங்க. ஒங்களுக்குத்தான் மொதல்ல சொல்லணும்னு அத்தா சொன்னாங்க."

அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. என்னைவிடச் சின்னவன்... ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பினால் எப்படி?

என் மூட்டுவலிப் புலம்பலுக்கெல்லாம் லைக் போடும் உங்களுக்குக் காதரைத் தெரியாது. அதனால் கொஞ்சம் சொல்கிறேன். கொள்ளுப்பேத்திதான் டைப் செய்கிறாள், தப்பிருந்தால் அவளைத் திட்டுங்கள்.

யுத்தம் முடிந்திருந்த சமயம். மதுரையில் ஒரு சோடா கம்பெனியில் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது.

நான் சைக்கிளில் சோடா பெட்டியைக் கட்டிக்கொண்டு, வழியிலுள்ள கடைகளுக்கெல்லாம் போட்டுக்கொண்டே பரவை லைன் போவேன். அவன் உள்ளே உட்கார்ந்து பாட்டில் கழுவுவான். அவன் வீட்டிலும் ஒரு சைக்கிள் இருந்தது, ஆனால் அவன் அம்மா அதைத் தொடவிடமாட்டார்.

அப்பாவைக் காதர் அத்தா என்பான்; அவர் இறந்தது அந்தச் சைக்கிளில்தான். ஆற்றுக்குள் இறங்கும் சரிவில் மாட்டு வண்டி ஒன்று குறுக்கே வந்திருக்கிறது. பிரேக் பிடித்திருக்கிறார்... வண்டி நிற்கவில்லை.

அலங்காநல்லூர் லைனுக்குச் சொந்த சைக்கிளோடு ஆள் தேவை என்று முதலாளி சொன்னதிலிருந்து காதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "பாட்டில் கழுவிக் கழுவி கையே ஊறிப்போச்சு மாப்ள. வைகைக்கு அங்கிட்டு என்ன இருக்குன்னே தெரியாம செத்துருவேன் போல."

அம்மாவை நச்சரித்து நச்சரித்து, கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்.

"நான் நடுத்தெருவுல நிக்கிறேன். நீ வேகமா வா. என்னைய இடிக்காம நிறுத்திப்புட்டா, வண்டிய எடுத்துட்டுப் போ."

அந்த வாரம் கம்பெனியில் ஆயுத பூஜை. காதர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தான். பூஜை எங்களுக்கா அவனுக்கா என்று தெரியாத அளவுக்கு ஆர்வம்.

துணியில் தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தொட்டு முழு வண்டியையும் துடைத்தான். ரிம்மின் உள்பக்கம்கூட விடவில்லை. எங்கள் வண்டிகளெல்லாம் அதன் பக்கத்தில் அழுது வடிந்தன.

மறுநாள் காலை பரீட்சை.

அம்மா நடுத்தெருவில் நின்றார். காதர் தெருமுனையிலிருந்து மிதித்து வந்தான், இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தான்... பிரேக் கட்டை ரிம்மில் வழுக்கிக்கொண்டே போனது.

கடைசி நொடியில் சுவர்ப் பக்கம் திருப்பி விழுந்தான். முழங்கையெல்லாம் சிராய்ப்பு.

அம்மா கிட்டே வந்தார். வண்டியைத் தூக்கி நிறுத்தி வீட்டுக்குள் தள்ளிக்கொண்டு போனார். "நிக்காத வண்டிடா இது. ஒங்க அத்தாவுக்கும் நிக்கல."

காதர் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். எனக்குப் பொறுக்கவில்லை, வாசலில் போய் நின்றேன்.

"அம்மா, வண்டி மேல தப்பில்ல. இந்த மடையன் ரிம்மெல்லாம் எண்ணெயத் தடவி வச்சிருக்கான். கட்டை எப்படிப் பிடிக்கும்?"

"எண்ணெயா?"

ரிம்மின் உள்பக்கம் விரலை ஓட்டிப் பார்த்தார். முகர்ந்தார். பிறகு அடுப்படிக்குப் போய்ச் சீயக்காய்த் தூளோடு வந்தார்.

ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே மறுகையால் தேய்த்தார், பிள்ளைக்குத் தலை தேய்த்துவிடுவது மாதிரி. உதவப்போன என்னைத் தள்ளிவிட்டார். "ஒங்களுக்கு எண்ணெ வைக்கத்தானடா தெரியும். தள்ளு."

பிரேக் கட்டைகளும் பழசாகி இறுகிக் கிடந்தன. அப்போது ரப்பருக்கு ஏகக் கிராக்கி, புதுசுக்கு எங்கே போவது? கழற்றி வாசல் கல்லில் தேய்த்தேன். உள்ளிருந்து நல்ல ரப்பர் தெரிந்ததும், இரண்டு பக்கமும் ஒன்றாக ரிம்மைத் தொடும்படி மாட்டினேன்.

எல்லாம் முடிந்தது என்று நிமிர்ந்தால், அம்மா ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து சக்கரத்தில் ஊற்றுகிறார்!

"மழையிலயும் நிக்கணும்ல?"

நான் காதரின் காதில் சொன்னேன். "தூரத்துலயே லேசாப் பிடிச்சுப் பிடிச்சு விடு மாப்ள. தண்ணி தொடச்சுப் போயிரும். பெறகு இறுக்கு."

மறுபடி நடுத்தெருவில் அம்மா. மறுபடி தெருமுனையில் காதர்.

வந்தான்... வந்தான்... கிறீச்சென்று ஒரு சத்தம். நின்றுவிட்டது! அம்மாவுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கலாம்.

அம்மா நகரவில்லை. ஈரமாக இருந்த அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இம்புட்டுத்தானா..." என்றார்.

எங்களிடம் கேட்கவில்லை. போய்விட்ட அத்தாவிடம்தான் கேட்டார் என்று எங்களுக்குத் தெரியும். காதர் ஹேண்டில்பாரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான், நானும் அழுதேன்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வழிவிட்டு ஒதுங்கினார். "சரி, போயிட்டு வா."

அன்று சாயங்காலம் காலி பாட்டில்களோடு திரும்பி வந்தவனின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. "எம்புட்டு வெளி மாப்ள! கண்ணு போற தூரத்துக்கு வயலு!" பெட்டியை இறக்கக்கூட விடாமல் பேசிக்கொண்டே இருந்தான்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் முதல் நாள் எனக்குத் தகவல் வந்துவிடும். முன்பு நேரில், பிறகு போனில். போன வருஷமும் கூப்பிட்டான்.

"ரிம்முல எண்ணெ பட்டுறாமத் தொடைங்கடா."

"என்கிட்ட ஏதுடா சைக்கிளு? நடக்கவே ஆள் வேணும்."

"ஒன் கொள்ளுப்பேத்திகிட்ட இருக்குல்ல? போய்ச் சொல்லு."

இவ்வளவு நேரம் டைப் செய்துகொண்டிருந்தவள் இப்போது எழுந்து வாசலுக்குப் போனாள். சக்கரத்தைச் சுற்றும் சத்தம் கேட்டது. பிரேக் பிடிக்கும் சத்தமும் கேட்டது.

வந்து உட்கார்ந்துவிட்டாள். "பிடிக்குது தாத்தா. நீங்க சொல்லுங்க."

வேறென்ன சொல்ல...

புது லைன்ல போற, காதரு. போயிட்டு வா மாப்ள.